திரைப்படத்தில் மணமுறிவும் குழந்தையும்: ‘குழந்தையும் தெய்வமும்’ (1965) படத்தை முன்வைத்து

முன்னுரை

பெற்றோரின் பிரிவு இளங்குழந்தையை எவ்வாறு தாக்குகிறது என்பதைத் திரைப்படங்கள் காட்டும் முறை, அவை எழுந்த காலத்தின் சட்டத்தோடும் குடும்பம் பற்றிய எண்ணத்தோடும் பிணைந்தது. செருமானியக் கதையொன்று சென்னைக்கு வந்தபோது பெற்ற மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

மூலக்கதை

எரிக் கேஸ்ட்னர் எழுதிய இரட்டைச் சிறுமியர் கதை 1949இல் நூலாகவும், 1950இல் அவரே எழுதிய திரைக்கதையுடன் படமாகவும் வெளிவந்தது. தந்தை வியன்னாவில் இசை நடத்துநர். தாய் மியூனிக்கில் இதழ்ப் பணியாளர். பிளவு அவ்விருவருக்கிடையிலேயே தோன்றியது. தந்தை வேறொருத்தியை மணக்க எண்ணியதும் அவருடன் இருக்கும் மகள் காய்ச்சலில் விழுகிறாள். குழந்தையின் உடலே துயரைப் பேசுகிறது. இக்கதை 1961இல் ‘தி பேரண்ட் டிராப்’ என ஆங்கிலப் படமாயிற்று.

தமிழ் வடிவம்

ஏவி.எம். தயாரிப்பில் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய ‘குழந்தையும் தெய்வமும்’ 1965இல் வந்தது. குட்டி பத்மினி இரட்டையராக நடித்தார். இதில் பிரிவுக்குக் காரணம் கணவனோ மனைவியோ அல்லர். மனைவியின் தாயது செல்வச் செருக்கு.

இம்மாற்றத்தின் பொருள் சட்ட வரலாற்றால் விளங்கும். சென்னை மாகாணம் 1949இலேயே இந்துக்களுக்கு மணமுறிவை ஏற்றது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் அதனை நாடு முழுமைக்கும் விரித்தது. ஆயினும் இருவர் இசைவால் பிரியும் வழி 1976இல்தான் வந்தது. அதுவரை, பெரும்பாலும் ஒருவர் மற்றவரின் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. சட்டம் கேட்ட குற்றவாளியைப் படம் பெற்றோருக்கு வெளியே கண்டது. எனவே இருவரும் மாசற்றவராயினர்; மீண்டும் இணைதல் எளிதாயிற்று.

குழந்தையும் தெய்வமும் கொண்டாடும் இடத்தில் என்பது பழமொழி. குழந்தை யாரிடம் வளரவேண்டும் என்ற வினாவுக்கு அதில் விடையுண்டு. படமோ கொண்டாடப்பட வேண்டிய குழந்தையையே கொண்டுசேர்க்கும் தெய்வமாக்கிற்று. ‘லேத மனசுலு’ (தெலுங்கு, 1966), ‘தோ கலியான்’ (இந்தி, 1968) ஆகியனவும் இக்கதையே.

பிற்காலம்

‘கிராமர் வெர்சஸ் கிராமர்’ (1979) என்னும் அமெரிக்கப் படத்தில் இரட்டையர் இல்லை. ஒரு சிறுவனே உள்ளான். தான் கெட்டவனாக இருந்ததால்தான் தாய் போய்விட்டாளா என்று அவன் தந்தையிடம் கேட்கிறான். பெற்றோர் இணைவதில்லை. அதனைத் தழுவிய இந்திப் படமான ‘அகேலே ஹம் அகேலே தும்’ (1995) பெற்றோரை இணைத்தே முடிகிறது.

முடிவுரை

முப்பது ஆண்டு இடைவெளியில் வந்த இந்தியத் தழுவல்கள் இரண்டும் பெற்றோரின் இணைப்பிலேயே நிறைவு கண்டன. இணைப்பைக் குழந்தையின் கடமையாக்கும் கதை, இணையாத பெற்றோரின் குழந்தையைத் தோற்றவளாக ஆக்கிவிடுகிறது. தன்மேல் பழியில்லை என்று அக்குழந்தைக்குச் சொல்லும் கடமை பெரியோருடையது. 1965இன் படம் சொல்லாமல் விட்டது அதுவே.