வெக்கை நோயும் ராணிப்பேட்டையில் ஒரு மாதமும்

இப்போது பிள்ளைகள் ‘இன்டர்ன்ஷிப்’ என்கிறார்கள். எங்களுக்கு அது ‘ட்ரெயினிங்’. 1966ல் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது என்னை ஒரு மாதம் ராணிப்பேட்டைக்கு அனுப்பினார்கள். (1960ல் நம் திருத்தணி சித்தூர் ஜில்லாவை விட்டு மெட்ராஸ் மாநிலத்தில் சேர்ந்திராவிட்டால் நான் திருப்பதி கல்லூரிக்குத்தான் போயிருப்பேன்.) சோளிங்கர் வழியாக பஸ். ஞாயிறுதோறும் வீட்டுக்கு வரலாம் என்று அம்மாவுக்கு ஏக சந்தோஷம்.

அந்த நிறுவனம் 1932ல் சீரம் இன்ஸ்டிடியூட்டாகத் தொடங்கியது. அன்று மாடுகளுக்குப் பெரிய எமன் வெக்கை நோய். கடும் காய்ச்சல், வாயெல்லாம் புண், கண்ணில் நீர், பிறகு ஓயாத கழிச்சல். என் தாத்தா ஒரே வாரத்தில் இரண்டு ஜோடி உழவு மாடுகளை அதற்குக் கொடுத்தவர். அந்த வருஷம் நிலம் தரிசாகக் கிடந்தது.

தடுப்பூசி ஆட்டிலிருந்து வந்தது. 1920களில் முக்தேசுவரில் எட்வர்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் நோய்க்கிருமியை ஆடு மாற்றி ஆடாகச் செலுத்திப் பார்த்தார். போகப்போக மாட்டைக் கொல்லும் வேகம் அதற்குக் குறைந்தது. எதிர்ப்புச் சக்தி தரும் குணம் மட்டும் நின்றது. ஆட்டுக்கு ஊசி போட்டு, காய்ச்சல் உச்சத்துக்கு ஏறியதும் அறுத்து மண்ணீரலை எடுத்து, அதை உலர்த்தி மருந்தாக்குவார்கள். காலையும் மாலையும் ஆடுகளுக்குத் தெர்மாமீட்டர் வைத்து ரிஜிஸ்டரில் எழுதுவது என் வேலை. ஒரு கறுப்பு ஆடு என் சட்டைப் பையை முகர்ந்துகொண்டே நிற்கும். அதற்குக் காய்ச்சல் ஏறியதை எழுதியவன் நான்தான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தாத்தாவிடம் சொன்னேன். “ஒரு ஆட்டுல எத்தனை மாட்டுக்குடா மருந்து?” என்றார். நூற்றுக்கணக்கில் என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எங்க காலத்துல அது எங்கடா போச்சு?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

இடையில் ஒன்று. கோழிகளின் வெள்ளைக்கழிச்சலுக்கு ‘ராணிக்கெட்’ என்று பெயர் இருப்பதால் அது ராணிப்பேட்டையில் பிறந்த நோய் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். ராணிக்கெட் இமயமலைப் பக்கத்து ஊர்.

1954ல் வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. பின்னாளில் ஆடு அறுக்கத் தேவையில்லாத, பிளௌரைட் கண்டுபிடித்த திசு வளர்ப்புத் தடுப்பூசி வந்தது. இந்தியாவில் கடைசியாக நோய் தென்பட்டது 1995ல், நம் தமிழ்நாட்டில்தான். 2011ல் உலகிலேயே இல்லை என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு அப்படி ஒழிந்த நோய் இது ஒன்றுதான்.

போன மாதம் கால்நடை மருத்துவம் படிக்கும் பேத்தியிடம் இதைச் சொல்ல ஆரம்பித்தேன். “வெக்கையா? ஃபேனைப் போடட்டுமா தாத்தா?” என்று எழுந்தாள்.