மொழி கற்கக் கடல் கடந்தவர்

கோட்டுச்சேரியிலிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கே சென்றால் காரைக்காலும், அதனைக் கடந்தால் நாகப்பட்டினமும் வரும். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் வூசிங் என்னும் சீனத் துறவி, கடாரத்தில் கப்பலேறி 30 நாட்களில் நாகப்பட்டினத்தை அடைந்தார். அச்செய்தியை எழுதி வைத்தவர் இத்சிங் என்னும் மற்றொரு சீனத் துறவி.

பௌத்த நூல்களை வடமொழி மூலத்திலேயே கற்க விரும்பிய இத்சிங், 671இல் தாயகம் விட்டுப் புறப்பட்டார். ஆயினும் நேரே நாளந்தாவுக்கு விரைந்தாரல்லர். சுமத்திராவின் ஸ்ரீவிஜயத்தில் ஆறு திங்கள் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். 673இல் வங்கத்துத் தாமிரலிப்தியை அடைந்து, அங்கும் ஏறத்தாழ ஓராண்டு மொழி பயின்றார். அதன் பின்னரே நாளந்தாவில் சுமார் பத்தாண்டுக் கல்வி.

தமக்குப் பின் வருவோர்க்கும் அவர் வழி கூறினார்: இந்தியா செல்ல விரும்பும் சீனத் துறவி முதலில் ஸ்ரீவிஜயத்தில் ஓரிரண்டு ஆண்டுகள் பயிலுதல் நன்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட துறவிகள் வாழ்ந்த அந்நகரில், இந்தியாவின் பாடங்களும் ஒழுங்குமுறைகளும் அவ்வாறே நிலவின என்பது அவர் காட்டிய காரணம்.

மாணவர்களே! இன்று நம்மவர் சீனம் கற்க அயல்நாடு செல்ல எண்ணினால், அவ்வறிவுரை திசை மாறிப் பயன்படும். பெய்ஜிங்கில் எளிமையாக்கப்பட்ட எழுத்துகள் வழங்குகின்றன; தைப்பேயில் பழைய மரபெழுத்துகள். சிங்கப்பூரில் சீனமும் தமிழும் ஆட்சிமொழிகளே. எனினும் அங்கே ஆங்கிலத்திலேயே காலம் தள்ளிவிடலாம். ஆதலின், வகுப்பு முடிந்தபின் கடைத்தெருவிலும் விடுதியிலும் எம்மொழி பேச நேரும் என்பதை முதலில் வினவுக. அடிப்படை ஒலிகளையும் சில நூறு எழுத்துகளையும் இங்கேயே பயின்று செல்க. குடும்பத்தார் அரிதிற் சேர்த்த பொருளும், இளமையின் ஓர் ஆண்டும் அதனால் வீணாகா.