பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள்



2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறினாலும், நம்மில் பலருக்கு இவ்வூர் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான். 1970களில் எங்கள் தோட்டத்தில் இரவு சில மணி நேரமே மின்விளக்கு எரியும். பழுதான வானொலியை ஒரு பிள்ளை பிரித்துப் பார்த்தால், "தொடாதே, கெட்டுவிடும்!" என்ற அதட்டலே கிடைக்கும்.

அக்காலத்தில்தான் அமெரிக்க இளைஞர்கள் வீட்டிலேயே கணினி செய்யத் தொடங்கினர். 1971இல் இண்டெல் நிறுவனம் 4004 என்னும் நுண்செயலியை வெளியிட்டது. விரல்நகத்தினும் சிறிய அச்சில்லில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 1975 சனவரியில் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழ் ஆல்டேர் 8800 கணினியை அறிமுகப்படுத்தியது. அது உதிரிப் பாகங்களாக அஞ்சலில் வரும்; வாங்கியவரே ஈயம் பற்றவைத்துப் பொருத்திக்கொள்ள வேண்டும். விசைப்பலகை இல்லை, திரையும் இல்லை. நினைவகம் 256 பைட்டுகளே. முகப்பிலுள்ள ஆளிகளை மேலும் கீழும் தள்ளிக் கட்டளையிட்டால், சிறு விளக்குகள் எரிந்து விடை காட்டும்.

அவ்வாண்டு மார்ச் 5ஆம் நாள், கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஒரு வீட்டின் கார் கொட்டகையில் ஆர்வலர்கள் கூடினர். அவர்களுள் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக் வடிவமைத்த கணினியே 1976இல் ஆப்பிள் 1 என விற்பனைக்கு வந்தது.

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் இடமுண்டு. அமெரிக்காவுக்கு வெளியே இண்டெல் தன் முதல் தொழிற்சாலையை 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் அமைத்தது. சில்லுகளைப் பொருத்தியவை பெரும்பாலும் நம் நாட்டு இளம்பெண்களின் கைகள். ஆயினும், பொருத்தும் பணி இங்கும் படைக்கும் பணி அங்குமாகவே இருந்தது.

அந்நிலையையும் மாற்ற முடியும் என்பதற்குச் சான்று உண்டு. 1985இல் மலேசியரான முத்து நெடுமாறன் கணினியில் தமிழ் எழுத 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். ஆங்கிலம் மட்டுமே காட்டிய திரையை அப்படியே ஏற்றிருந்தால் அது நிகழ்ந்திராது.

இன்று நம் பிள்ளைகள் கையில் திறன்பேசி இருக்கிறது. அதன் உள்ளே நடப்பதை அவர்கள் அறிவார்களா? இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. எட்டு மாணவர்களை வரிசையாக அமர்த்துங்கள். எழுந்தால் ஒன்று, அமர்ந்தால் சுழியம். வலப்பக்கத்திலிருந்து முதலாமவரும் மூன்றாமவரும் மட்டும் எழுந்தால் அது 5. ஆல்டேரின் ஆளிகள் காட்டியதும் இதுவே.

பெற்றோர்களே, பழுதான கடிகாரத்தையோ விளையாட்டுப் பொருளையோ பிள்ளை பிரித்தால் அதட்டாதீர்கள். மின்கலத்தைக் கழற்றிவிட்டு, அருகில் அமர்ந்து நீங்களும் பாருங்கள்.