கடன் வரலாறு – 14: சுட்ட தோட்டாவுக்கும் விலை

சென்ற வாரம், 1953-ல் லண்டனில் மேற்கு ஜெர்மனிக்குக் கிடைத்த கடன் சலுகையைப் பார்த்தோம். ஏறத்தாழப் பாதிக் கடன் தள்ளுபடி. மீதியை ஏற்றுமதி செய்து சம்பாதித்துக் கட்டத் தோதான தவணைகள். ஜெர்மன் தரப்பில் அந்தப் பேரத்தை முடித்தவர் ஹெர்மான் ஆப்ஸ். ஹிட்லர் ஆட்சிக் காலத்திலேயே டாய்ச்ச பேங்கின் நிர்வாகக் குழுவில் இருந்த வங்கியாளர். 1960களின் கடைசியில் அவரிடம் இன்னொரு நாட்டின் கடன் கணக்கு வந்து சேர்ந்தது. அந்த நாடு இந்தோனேசியா. ஆனால் அந்தக் கதையை ஆப்ஸிடமிருந்து தொடங்கினால் பாதிதான் புரியும். இருபது ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும்.

1949 ஆகஸ்ட் 23 அன்று ஹேக் நகரில் வட்டமேசை மாநாடு கூடியது. நான்கு ஆண்டுகள் போராடிய இந்தோனேசியக் குடியரசின் குழுவுக்குத் தலைவர் முகம்மது ஹட்டா. விடுதலை தருவதற்கு டச்சு அரசு ஒப்புக்கொண்டாகிவிட்டது. ஆனால் கூடவே ஒரு கணக்கையும் நீட்டியது: டச்சுக் கிழக்கிந்தியக் காலனி வாங்கிய கடன்களைப் புதிய நாடு ஏற்க வேண்டும். கேட்ட தொகை 600 கோடி கில்டருக்கும் மேல்.

அந்தக் கடன் எப்படி வந்தது? ஒரு பகுதி போருக்கு முந்தைய காலனி நிர்வாகத்தின் கடன். இன்னொரு பகுதிதான் நெஞ்சைச் சுடுகிறது. 1947-லும் 1948-லும் இந்தோனேசியக் குடியரசை நசுக்க டச்சுப் படை இரண்டு முறை பெருந்தாக்குதல் நடத்தியது. ‘போலீஸ் நடவடிக்கை’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்தச் செலவும் காலனியின் கணக்கிலேயே எழுதப்பட்டிருந்தது. தங்களைச் சுட்ட தோட்டாவுக்கும் தாங்களே காசு கொடுக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. நிதிப் பேச்சில் இந்தோனேசியத் தரப்புக்காக வாதாடிய பொருளாதார அறிஞர் சுமித்ரோ, ராணுவச் செலவைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நெதர்லாந்துதான் எங்களுக்குத் தர வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

வாதம் சரியாகத்தான் இருந்தது. இருந்தும் அது எடுபடவில்லை. நடுவில் இருந்த ஐ.நா. குழுவின் அமெரிக்கப் பிரதிநிதி மெர்ல் காக்ரன் பேரத்தை 430 கோடி கில்டருக்கு இறக்கிக் கொண்டுவந்தார். ஹட்டா ஒப்புக்கொண்டார். அவருக்கு வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கையெழுத்துப் போடாவிட்டால் மீண்டும் போர். டிசம்பர் 27 அன்று ஆம்ஸ்டர்டாம் அரண்மனையில் ராணி யூலியானா ஆட்சியுரிமையை ஹட்டாவிடம் ஒப்படைத்தார். இந்தோனேசியா கடனாளியாகவே பிறந்தது. 1956-ல் அதிபர் சுகர்னோவின் அரசு அந்தக் கடனில் மிச்சமிருந்ததைக் கட்ட முடியாது என்று அறிவித்தது.

பிறகு சுகர்னோ தன் பங்குக்குக் கடன் வாங்கினார். மேற்கு நியூகினியை டச்சுக்காரர்கள் ஹேக்கில் விட்டுக்கொடுக்கவில்லை. அதை மீட்க ஆயுதம் வேண்டும். சோவியத் யூனியன் தாராளமாகக் கொடுத்தது. 1962-ல் ‘ஓர்ஜோனிகிட்ஸே’ என்ற பெரிய போர்க்கப்பலே வந்து சேர்ந்தது. ‘இரியன்’ என்று அதற்குப் புதுப்பெயர் சூட்டினார்கள். மேற்கு நியூகினி கிடைத்தது. கப்பலைப் பராமரிக்க உதிரிபாகமும் இல்லை, பணமும் இல்லை. 1970களின் தொடக்கத்தில் அது பழைய இரும்பாகப் போனது.

1964-ல் அமெரிக்கத் தூதரை வைத்துக்கொண்டே, உங்கள் உதவியோடு நரகத்துக்குப் போங்கள் என்று சுகர்னோ மேடையில் முழங்கினார். அடுத்த ஆண்டு ஐ.நா., உலக வங்கி, ஐ.எம்.எஃப். மூன்றிலிருந்தும் இந்தோனேசியா வெளியேறியது. 1965 டிசம்பரில் ஆயிரம் பழைய ரூபியாவுக்கு ஒரு புதிய ரூபியா என்று நோட்டை மாற்றினார்கள். விலைவாசி அடங்கவில்லை, 1966-ல் பணவீக்கம் 600 சதவீதத்தைத் தாண்டியது. வெளிக்கடன் சுமார் 240 கோடி டாலர். அதில் பாதிக்கு மேல் கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு. சோவியத் யூனியனுக்கு மட்டும் சுமார் 100 கோடி. அந்த ஓர் ஆண்டில் கட்ட வேண்டிய தவணையே முழு ஏற்றுமதி வருமானத்தை விஞ்சியது.

இதற்கிடையில் நடந்ததைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. 1965 அக்டோபர் தொடங்கிச் சில மாதங்களில் கம்யூனிஸ்டுகள் என்றும் அவர்களுக்கு வேண்டியவர்கள் என்றும் குறிவைக்கப்பட்டு குறைந்தது ஐந்து லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் என்பது பரவலான மதிப்பீடு. 1966 மார்ச்சில் அதிகாரம் ஜெனரல் சுஹார்த்தோ கைக்கு வந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் கடன் கொடுத்த மேற்கத்திய நாடுகளும் ஜப்பானும் டோக்கியோவில் இந்தோனேசியக் குழுவைச் சந்தித்தன. டிசம்பரில் பாரிஸில் மறுபடி கூடின. யோக்யகர்த்தா சுல்தான் ஒன்பதாம் ஹமெங்குபுவோனோதான் புதிய ஆட்சியில் பொருளாதாரப் பொறுப்பாளர். கணக்கு வழக்கைக் கரைத்துக் குடித்தவர் விஜோயோ நிதிசாஸ்திரோ. 1967 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில் ‘ஐ.ஜி.ஜி.ஐ.’ என்ற உதவி நாடுகள் குழு உருவானது. அந்த ஆண்டுக்கு 20 கோடி டாலர் உதவி: அமெரிக்கா மூன்றில் ஒரு பங்கு, ஜப்பான் ஒரு பங்கு, மற்றவர்கள் ஒரு பங்கு. குழுவுக்குத் தலைமை தாங்கிய நாடு நெதர்லாந்து. அதற்கு முந்தைய மாதம்தான் ஜகார்த்தா புதிய அந்நிய முதலீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. ஏப்ரலில் மேற்கு நியூகினியின் செம்பு, ஃப்ரீபோர்ட் நிறுவனத்துக்குப் போனது.

பாரிஸில் ஒவ்வோர் ஆண்டும் அந்தந்த ஆண்டுத் தவணையை மட்டும் தள்ளிவைத்தார்கள். அடுத்த ஆண்டு மறுபடி அதே பேச்சு. இது நாட்டை நிமிரவிடாது என்று உணர்ந்து, இரு தரப்புக்கும் பொதுவாக நிரந்தரத் தீர்வு ஒன்றை எழுதித் தரச்சொல்லி ஆப்ஸிடம் போனார்கள்.

அவர் சொன்னதைத்தான் 1970 ஏப்ரலில் கடன் கொடுத்த நாடுகள் அடிப்படையில் ஏற்றுக்கொண்டன. அசலை 1970 முதல் 1999 வரை 30 சம தவணைகளில் கட்டலாம். பழைய ஒப்பந்தங்களின்படி சேர வேண்டிய வட்டியை 1985 வரை தொடவே வேண்டாம். அதன் பிறகு 15 தவணைகள். தள்ளிவைத்த காலத்துக்குப் புதிய வட்டி கிடையாது. நெருக்கடி வந்தால் சில தவணைகளை ஒத்திப்போடவும் உரிமை. கம்யூனிஸ்ட் நாடுகளுக்கும் இதைவிட நல்ல நிபந்தனை தரக் கூடாது என்பது விதி. சில மாதங்களில் மாஸ்கோவும் ஏறத்தாழ இதே ஏற்பாட்டுக்கு இறங்கிவந்தது.

வட்டியில்லாத முப்பது ஆண்டுத் தவணை என்றால் என்ன என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஆண்டு வட்டி 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், இப்படிக் கட்டப்படும் 100 டாலர் அசலின் அன்றைய மதிப்பு 50 டாலருக்கும் குறைவு. தள்ளுபடி என்ற சொல்லே ஒப்பந்தத்தில் வராமல், அசலில் பாதிக்கு மேல் கரைகிறது. லண்டனில் தன் நாட்டுக்கு வாங்கிய பாதியை ஆப்ஸ் வேறு வழியில் இந்தோனேசியாவுக்கு எழுதிக் கொடுத்தார்.

நல்ல ஏற்பாடு. ஏழை நாடு ஒவ்வொன்றுக்கும் கிடைத்திருக்க வேண்டிய ஏற்பாடு. ஆனால் 1949-ல் தோட்டாவுக்கும் விலை கேட்டவர்கள் 1970-ல் ஏன் இத்தனை தாராளமானார்கள்? கடனின் நியாயத்தை வைத்துப் பார்த்தால் ஹட்டாவின் வழக்குதான் பலமானது. 1970-ல் கணக்கில் இருந்ததோ பெரும்பாலும் சுகர்னோ தானே கேட்டு வாங்கிய கடன். மாறியது ஒன்றுதான். வியட்நாம் எரிந்துகொண்டிருந்த நேரத்தில், கம்யூனிஸ்ட் கட்சியை வேரோடு அழித்த ஆட்சி ஜகார்த்தாவில் நிலைக்க வேண்டும் என்று வாஷிங்டனும் டோக்கியோவும் விரும்பின. அந்த ஐந்து லட்சம் பேரைப் பற்றி எந்த நாடும் நிபந்தனை விதிக்கவில்லை.

நிபந்தனைப் பேச்சு வர இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. 1991 நவம்பரில் கிழக்குத் திமோரின் டிலி நகர இடுகாட்டில் இந்தோனேசிய ராணுவம் ஊர்வலத்தினரைச் சுட்டுக் கொன்றதை டச்சு அமைச்சர் யான் ப்ராங்க் கண்டித்தார். 1992 மார்ச்சில் சுஹார்த்தோ டச்சு உதவியே வேண்டாம் என்று சொல்லி ஐ.ஜி.ஜி.ஐ.யைக் கலைக்கவைத்தார். உதவி நிற்கவில்லை, உலக வங்கித் தலைமையில் வேறு பெயரில் தொடர்ந்தது.

சுஹார்த்தோ கைக்கு அதிகாரம் வந்த அதே 1966-ல், ராணுவப் புரட்சி நடந்த இன்னொரு நாடும் கடனைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டு நின்றது. அது கானா. முப்பது ஆண்டுத் தவணை அதற்குக் கிடைக்கவில்லை. தள்ளிவைத்த தொகைக்கும் சேர்த்து வட்டி போட்டார்கள். 1972-ல் கர்னல் அச்சம்பாங், அக்கான் மொழியில் ‘யென்துவா’, கட்ட மாட்டோம் என்று அறிவித்தார். அதன் பிறகு கடன்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)