அலை புகையாகும், கல் அப்படியே நிற்கும்: கடற்கரைக் கோயிலை போன்லயே 'லாங் எக்ஸ்போஷர்' எடுக்கலாம்!

வெண்பனிக்கு நடுவே தனியா நிக்கிற ஒரு வாசல். ஜப்பானின் ஓஅராய் கடற்கரையில், பாறை மேல் இருக்கிற ஷின்டோ ஆலயத்தின் தோரி வாசல் அது. இந்த மாதிரி படங்களை இன்ஸ்டாவில் பார்த்திருப்பீங்க. அது பனி இல்லை, அலை! கேமரா ஷட்டரைச் சில விநாடிகள் திறந்தே வெச்சா, அசையும் தண்ணீர் புகையாகிடும். அசையாத கல் மட்டும் தெளிவா விழும். இதுதான் லாங் எக்ஸ்போஷர்.

அதுக்கு ஜப்பான் போகணுமா என்ன? காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூர்க்காரங்களுக்கு மாமல்லபுரம் இருக்கே! மகேந்திரவர்மப் பல்லவன் எதிரிகளை வென்றதாக காசக்குடிச் செப்பேடு சொல்வது இதே புள்ளலூரில்தான். அவர் மகன் மாமல்லன் பெயரைத் தாங்கி நிற்கிற ஊரில், 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் எழுப்பியது கடற்கரைக் கோயில். 1984 முதல் யுனெஸ்கோ பாரம்பர்யச் சின்னம்.

எப்போ, எங்கே?

சூரியன் வருவதற்கு அரை மணி நேரம் முன்பு. வெளிச்சம் குறைவு என்பதால் ஷட்டரை நீண்ட நேரம் திறக்கலாம். முந்தின நாளே போய்த் தங்கிடுங்க. தொல்லியல் துறை வளாகத்துக்குள் ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வேணும். அதனால் வேலிக்கு வெளியே, பொதுக் கடற்கரையில் நில்லுங்க. மீனவர்கள் படகு தள்ளும் வழியை மறிக்காதீங்க.

போனில் எப்படி?

* ட்ரைபாட் கால்களை மணலில் நல்லா அழுத்தி ஊன்றுங்க.
* ப்ரோ மோடில் ஐ.எஸ்.ஓ-வை இருப்பதிலேயே குறைவா வைங்க.
* ஷட்டரை 1 விநாடியில் ஆரம்பிங்க. அலை கோடு கோடாகத் தெரியும். புகை மாதிரி வேணும்னா 10 முதல் 30 விநாடி.
* விமானத்தில் ஃபோகஸ் வெச்சு, 2 விநாடி டைமர் போடுங்க. விரல் பட்டால் படம் ஆடிடும்.
* ஐபோனில் லைவ் போட்டோ எடுத்து, பிறகு 'லாங் எக்ஸ்போஷர்' எஃபெக்ட்டைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.
* விடிஞ்ச பிறகு எடுக்க, கிளிப் மாடல் என்.டி ஃபில்டர் தேவை. 10 ஸ்டாப் ஃபில்டர் வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒரு பங்காக்கிடும்.

படத்தைவிட உயிர் முக்கியம்

முதல் 10 நிமிஷம் போனை எடுக்காம அலையை மட்டும் பாருங்க. ஈர மணல் எங்கே முடியுதோ, அதுக்குப் பின்னாடிதான் உங்க இடம். ஸ்கிரீனையே பார்த்துட்டு கடலுக்கு முதுகைக் காட்டாதீங்க.

வளாகத்துக்குள் போனால், சிற்பங்களில் ஏறாதீங்க, சாயாதீங்க. உப்புக் காற்று சுமார் 1,300 வருஷமா அரிச்சதில் பல முகங்கள் ஏற்கெனவே மழுங்கிடுச்சு. கடலைத் தடுக்கத்தான் கரையில் பெரிய பாறைகளைக் கொட்டி வெச்சிருக்காங்க. உங்க படத்தில் அசையாம நிக்கிற கல்லும் மெள்ள மெள்ளக் கரைஞ்சுட்டுதான் இருக்கு. நம்ம பங்குக்கு நாமும் தேய்க்க வேண்டாமே!