கருவியும் கையும்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. கூடத்தைச் செப்பனிட்டுவிட்டால் ஆட்டம் தானே வந்துவிடும் என்று நம்புவது மனித இயல்பு. மோட்டார்ப் பந்தயத்தில் புதிதாக அடியெடுத்து வைக்கும் இளைஞரிடையே இந்நம்பிக்கை ஆழ வேரூன்றியுள்ளது. காரை ஓட்டிப் பழகுமுன்பே அதன் இயந்திரத்தைத் திருத்தப் புறப்பட்டுவிடுகின்றனர். கருவி முதலா, கை முதலா என்னும் வினாவுக்கு வரலாறு தெளிவான விடை வைத்திருக்கிறது. அவ்விடையின் முதல் ஏட்டைப் பந்தயத் திடலில் அன்று, மலாக்காவின் ரப்பர் நிரைகளிலேயே காணலாம்.

நிரையில் கற்ற பாடம்

மலாயாவில் ரப்பரை வாணிபப் பயிராக முதன்முதலில் பயிரிட்டவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கிய அம்முயற்சி, பின்னர்ப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டமாக விரிந்தது. அவரை ஊக்கியவர் 1888 முதல் சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவராக இருந்த ரிட்லி. அமேசான் காடுகளில் கோடரியால் மரத்தைக் கொத்திப் பாலெடுத்த காலத்தில், வெட்டிய வாயையே மீண்டும் மெல்லச் சீவித் திறக்கும் முறையை வகுத்தவரும் அவரே.

அம்முறைக்கு உயிர் கொடுத்தவை தமிழ்த் தொழிலாளரின் கைகள். பட்டைக்கு உள்ளே மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் இருக்கிறது. பால்வெட்டுக் கத்தி அதனை நெருங்க வேண்டும்; ஆனால் தீண்டக் கூடாது. தீண்டினால் மரம் காயப்படும். புதிதாக வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகி, பின்னர் வெட்டுவதற்கு உதவாது போகும். புதியவர் கையில் மிகக் கூரிய கத்தியைக் கொடுத்தால் காயம்தான் ஆழமாகும். அதற்காக மழுங்கிய கத்தியும் உதவாது. விடியுமுன் கத்தியைத் தீட்டிக்கொள்வது தொழிலாளியின் கடமை. கருவியைப் பழுதின்றி வைத்திருப்பது வேறு. கருவியை நம்பிக் கையை மறப்பது வேறு.

கூம்புகளுக்கிடையே

ஆட்டோகிராஸ் என்னும் போட்டிக்கும் இப்பாடம் அப்படியே பொருந்தும். திறந்த திடலில் கூம்புகளை நட்டு வளைந்து வளைந்து செல்லும் பாதை அமைப்பர். ஒரு நேரத்தில் ஒரு காரே ஓடும். ஓடி முடித்த நேரமே வெற்றியை முடிவு செய்யும். கூம்பைத் தட்டினால் தண்டனையாக வினாடிகள் கூடும். நெடுஞ்சாலை வேகத்துக்கு அங்கே இடமில்லை. ஆதலால் இயந்திரத்தின் ஆற்றலைக் காட்டிலும் ஓட்டுபவரின் கணிப்பே அங்குப் பெரிதும் பேசும்.

தரையைப் பற்றும் ஆற்றல் டயருக்கு ஓரளவே உண்டு. அவ்வாற்றலைப் பிரேக்கும் திருப்பமும் பங்கிட்டுக்கொள்கின்றன. வளைவுக்குள் புகுந்த பின் பதறிப் பிரேக்கை மிதிப்பவர், திரும்புவதற்கு வேண்டிய பிடிப்பை இழக்கிறார். அருகிலுள்ள கூம்பையே பார்ப்பவர், அடுத்த வளைவுக்கு ஆயத்தமின்றி வந்து சேர்கிறார். புகைக் குழாயை மாற்றியோ, கார்புரேட்டரைப் பெரிதாக்கியோ இப்பிழைகளைத் தீர்க்க இயலாது. மிகுந்த பிடிப்புள்ள டயர், பிழையைத் திருத்தாமல் மறைத்துவிடும். மேலும், திருத்திய காரை மேல்வகுப்பில் சேர்க்கும் விதியும் பல போட்டிகளில் உண்டு. பணத்தைச் செலவழித்துத் தேர்ந்தவர்களோடு மோதும் நிலையைப் புதியவர் தாமே தேடிக்கொள்கிறார்.

சோழவரம் தந்த விடை

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று கைவிடப்பட்டுக் கிடந்தது. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தின் பந்தயங்கள் அங்கே புகழ்பெற்றன. இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த அக்காலத்தில் அம்பாசடரையும் ஃபியட்டையும் ஹெரால்டையும் திருத்தி ஓட்டினர். மேனாட்டுக் காரை வரவழைக்க வல்ல செல்வர்களோ எளிதில் முந்தினர். யார் நன்றாக ஓட்டினார் என்பதைக் காட்டிலும், யாரிடம் என்ன கார் இருந்தது என்பதே முடிவைத் தீர்மானிக்கும் நிலை பலகால் ஏற்பட்டது.

இந்நிலையை மாற்ற முனைந்தவர்களுள் முதன்மையானவர் கோயம்புத்தூர்த் தொழிலதிபர் எஸ். கரிவரதன். தாமே பந்தய வீரர். கார்களை வடிவமைப்பதிலும் வல்லவர். இயந்திரத்தின் அருமையை அவரைப் போல் அறிந்தவர் அரியர். அத்தகையவரே, புதியவர்க்கு வேண்டுவது மேலான கார் அன்று, ஒரே தன்மையான கார் என்று கண்டார். மாருதி 800 காரின் 796 சி.சி. இயந்திரத்தைப் பொருத்தி, குறைந்த செலவில் ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைக் காரை 1980களின் பிற்பகுதியில் உருவாக்கினார். கார் ஒன்றாகிவிட்ட பின், வேறுபாடு கையில்தானே வெளிப்பட வேண்டும்? 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். கோவையில் அவர் பெயர் தாங்கிய பந்தயத் தடம் இன்றும் உள்ளது.

நரேன் கார்த்திகேயன் தம் முதற்பந்தயத்தை ஓட்டியது அந்த ஃபார்முலா மாருதியில்தான். 1992இல் பிரான்சின் வின்ஃபீல்டு பயிற்சிப் பள்ளிக்குச் சென்றார். 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். தந்தை புகழ்பெற்ற ராலி வீரர் என்பதும், குடும்ப வசதி துணைநின்றது என்பதும் மறைக்கத்தக்கவை அல்ல. உச்சிக்குச் சென்ற பின் கருவியே ஆட்சி செய்கிறது என்பதும் உண்மையே. அவர் ஓட்டிய ஜோர்டான் கார் முன்னணிக் கார்களுக்கு ஈடாகவில்லை. ஆறு கார்களே ஓடிய இண்டியானாபொலிஸ் பந்தயத்தில்தான் நான்காமிடம் கிட்டியது. எனினும், அவ்வுச்சிக்கு ஏறும் முதற்படியில் அவரை நிறுத்தியது எளிய மாருதி இயந்திரமே.

மலேசியாவிலும் சான்று உண்டு. 1968இல் திறக்கப்பட்ட பத்து தீகா தடமும், 1999இல் வந்த சிப்பாங் தடமும் விரைவுக் கார்களின் கண்காட்சியாகவே பலருக்குத் தோன்றின. ஆனால் 2002இல் உலக ராலிப் போட்டியின் உற்பத்திக் கார்ப் பிரிவில் வாகை சூடிய கரம்ஜித் சிங், புரோட்டோன் பெர்ட் காரில் வென்றார். திருத்தங்களை விதி கடுமையாகக் கட்டுப்படுத்தும் பிரிவு அது.

நாளைய இளைஞர்க்கு

மலாக்காவின் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பல செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் இடம் விட்டன. நிரை பிடித்தவர்களின் பேரர்கள் ஆலைகளுக்குச் செல்கின்றனர். அலோர் காஜா வட்டாரத்துப் பெகோவில் 2003இல் கார்த் தொழிற்சாலையே திறக்கப்பட்டது. இயந்திரத்தின் மீது அவ்விளைஞர் கொள்ளும் காதல் குற்றமன்று. கடன் வாங்கிப் புகைக் குழாய் மாற்றி, கற்காத கையோடு பொதுச் சாலையில் அதனைச் சோதிப்பதே கேடு. அங்கே தட்டுப்படுவது கூம்பு அன்று, உயிர்.

நல்ல பிரேக், தேயாத டயர், இருக்கைப் பட்டை, தலைக்கவசம், மூடிய திடல், அனுபவமுள்ள ஒருவரின் கண்காணிப்பு ஆகியவை இருந்தால் எளிய காரே போதும். மரத்தைக் காயப்படுத்தாமல் பாலெடுத்த முன்னோரின் கை, விலை கொடுத்து வாங்கியதன்று; நாள்தோறும் பழகிப் பெற்றது. அச்செல்வத்துக்கு உரிமை கொண்டாட அவர்தம் பேரர்க்குத் தடையேதும் இல்லை.