தமிழ்நாட்டு உணவகங்களில் தனிப்பந்தி

தமிழ்நாட்டு உணவகங்களில் தனிப்பந்தி என்பது, ஒரே விலை கொடுத்து உண்ண வந்தவர்களைச் சாதி பார்த்து வெவ்வேறு இடங்களில் அமர்த்திய வழக்கத்தைக் குறிக்கும். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சென்னை மாகாணத்தின் நகரங்களிலும் இரயில் நிலையங்களிலும் இது வெளிப்படையாக நடைமுறையில் இருந்தது. இன்று எந்த உணவகத்திலும் காலியாக இருக்கும் இருக்கையில் யாரும் அமரலாம் என்பது இயல்பாகத் தோன்றுகிறது. அந்த இயல்பு நிலை ஒரே நாளில் வந்துவிடவில்லை. அதன் பின்னால் சட்டமும் உண்டு, போராட்டமும் உண்டு.

பின்னணி

பழைய காலத்தில் வழிப்போக்கர்கள் சத்திரங்களில் தங்கினர். கட்டுச்சோறு எடுத்துச் சென்றனர். உறவினர் வீடுகளில் உண்டனர். சோற்றை விலைக்கு விற்பது மதிப்புக் குறைவான செயலாகக் கருதப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரயில் பாதைகள், நீதிமன்றங்கள், கல்லூரிகள், அலுவலகங்கள் பெருகின. வேலைக்காகவும் படிப்புக்காகவும் குடும்பத்தை விட்டு நகரத்தில் தங்கியவர்களுக்குச் சமைத்த உணவு தேவைப்பட்டது. காப்பி கிளப்புகளும் சாப்பாட்டு ஓட்டல்களும் இவ்வாறே தோன்றின.

இவற்றுள் பலவற்றைப் பிராமணர்கள் நடத்தினர். அதற்குச் சாதி முறையிலேயே காரணம் இருந்தது. தம்மைவிடத் தாழ்ந்ததாகக் கருதிய சாதியார் சமைத்ததை உண்பதில்லை என்பது அன்றைய வழக்கம். பிராமணர் சமைத்தால் பெரும்பாலான சாதியாரும் தயங்காமல் உண்பர். ஆகவே பெயர்ப்பலகையில் இடம்பெற்ற 'பிராமணாள்' என்ற சொல் வாடிக்கையாளரை ஈர்க்கும் வணிகக் குறியாகவும் பயன்பட்டது. உடுப்பிப் பகுதியிலிருந்து வந்தவர்கள் நடத்திய உணவகங்களும் இக்காலத்தில் வளர்ந்தன. கே. கிருஷ்ணராவ் 1938இல் சென்னை இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார்.

வாடிக்கையாளர் கண்ட நடைமுறை

இத்தகைய ஓட்டல்கள் பலவற்றில் உள்கூடம் பிராமணர்களுக்கும் வெளிக்கூடம் மற்றச் சாதி இந்துக்களுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. அடுப்பும் சாம்பாரும் ஒன்றே, விலையும் ஒன்றே. உட்காரும் இடம் மட்டும் வேறு. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்களுக்கு இந்த இரண்டு கூடங்களிலும் இடமில்லை. கையில் காசு இருந்தாலும் அவர்கள் வெளியே நின்று பொட்டலமாக வாங்கிச் செல்ல வேண்டியிருந்தது. அதுவும் கிடைக்காத இடங்கள் உண்டு.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டில் யாரோடு உண்பது என்பது அவரவர் விருப்பம் என்று அன்று வாதிட முடிந்தது. ஆனால் ஓட்டல் பணம் பெற்றுப் பொதுமக்களுக்கு உணவு வழங்கும் இடம். வீட்டுத் தீட்டு, விற்பனைக் கூடத்திற்குள் வந்ததே சிக்கலின் வேர்.

இதே கேள்வி பள்ளி ஒன்றின் உணவுக் கூடத்திலும் எழுந்தது. வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனியே உணவளிக்கப்பட்டதை 1924-25இல் வரதராசுலு நாயுடுவும் பெரியார் ஈ. வெ. இராமசாமியும் எதிர்த்தனர். தனிப்பந்தி அதன் பிறகு தமிழக அரசியலின் பேசுபொருளாயிற்று.

இரயில் நிலையங்கள்

இரயில் நிலைய உணவுச் சாலைகளிலும் பிராமணர், பிராமணர் அல்லாதார் என்ற பிரிவு இருந்தது. பயணச்சீட்டு வாங்கும்போது சாதி கேட்கப்படவில்லை; ஒரே பெட்டியில் தோளோடு தோள் உரசிப் பயணம் செய்தவர்கள் சாப்பிட இறங்கும்போது மட்டும் பிரிக்கப்பட்டனர். இந்த முரண்பாட்டைச் சுயமரியாதை இயக்கம் தொடர்ந்து சுட்டிக்காட்டியது. எதிர்ப்பின் விளைவாக 1941இல் இரயில் நிர்வாகம் இப்பிரிவினையைக் கைவிட்டது. தனியார் ஓட்டல்களில் நிலைமை மாற மேலும் காலம் பிடித்தது.

சட்டம்

1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவு, சாதி, மதம், இனம், பால், பிறப்பிடம் காரணமாகக் கடைகளிலும் பொது உணவகங்களிலும் விடுதிகளிலும் எவரையும் நுழையவிடாமல் தடுக்கக்கூடாது என்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது.

1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இதற்குத் தண்டனை வகுத்தது. உணவகத்திற்குள் நுழைவதைத் தடுப்பது மட்டுமன்றி, அங்கே பொதுமக்கள் பயன்பாட்டிற்கென வைத்துள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும் குற்றம் என்று அது குறிப்பாகக் கூறியது. கதவு திறந்தாலும் குவளை மறுக்கப்படலாம் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் அறிந்திருந்தனர். 1976இல் இச்சட்டம் திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது.

பெயர்ப்பலகைப் போராட்டம்

சட்டத்திற்குப் பின்னும் 'பிராமணாள்' பலகைகள் பல ஊர்களில் தொங்கின. 1957 மே மாதம் பெரியார் தலைமையிலான திராவிடர் கழகம் சென்னை திருவல்லிக்கேணியில் இருந்த முரளி கபேயின் முன் மறியலைத் தொடங்கியது. தொண்டர்கள் அணி அணியாகச் சென்று கைதாயினர். பல மாதங்கள் நீடித்த இப்போராட்டம், 1958இல் உரிமையாளர் பலகையிலிருந்து அச்சொல்லை நீக்கியதும் முடிவுற்றது. பிற ஊர்களிலும் அச்சொல் படிப்படியாக மறைந்தது.

பலகை உரிமையாளரின் சாதியைத் தெரிவிக்கிறது, அவ்வளவே. யாரையும் தடுக்கவில்லையே என்பது எதிர்த்தரப்பின் வாதம். ஒருவர் பொது இடத்தில் தம்மைப் பிராமணர் என்று எழுதி வைத்தால், உள்ளே வரும் மற்றவர்கள் சூத்திரர் என்று ஆகிறது என்பது பெரியாரின் பதில். 2012இல் திருவரங்கத்தில் ஓர் ஓட்டலின் பலகையை ஒட்டி இதே விவாதம் மீண்டும் எழுந்தது.

அசைவ உணவகங்கள்

இதே காலத்தில் வேறொரு வகை உணவகங்களும் வளர்ந்தன. மதுரை மாவட்டம் வடக்கம்பட்டியைச் சேர்ந்தவர்கள் தங்கள் ஊர்த் தெய்வத்தின் பெயரில் முனியாண்டி விலாஸ்களை ஊர் ஊராகத் திறந்தனர். சென்னை அண்ணா சாலையில் 1951இல் புகாரி ஓட்டல் தொடங்கப்பட்டது. 'மிலிட்டரி ஓட்டல்' என்ற பெயரும் பரவியது. சமைப்பவரின் சாதித் தூய்மையைக் காட்டி இவை வாடிக்கையாளரை அழைக்கவில்லை. சுவையையும் விலையையும் நம்பியே தொழில் நடத்தின.

இரட்டைக் குவளை

நகர ஓட்டல்களில் தனிப்பந்தி மறைந்த பின்னும் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை நீடித்தது. மற்றவர்களுக்குக் கண்ணாடிக் குவளையோ எவர்சில்வர் குவளையோ தரப்பட்டது. தலித் மக்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையோ தனியே ஒதுக்கிய குவளையோ தரப்பட்டது. குடித்த பின் அதை அவர்களே கழுவி வைக்க வேண்டும். பெஞ்சில் உட்காரவும் தடை இருந்தது. தலித் அமைப்புகளும் பெரியாரிய, இடதுசாரி இயக்கங்களும் இதற்கெதிராகப் பல போராட்டங்களை நடத்தின. பின்னர் ஒருமுறை பயன்படுத்தி எறியும் கோப்பைகள் வந்தன. எல்லோருக்கும் அதே கோப்பை என்றால் வேறுபாடு இல்லை. சிலருக்கு மட்டும் அது என்றால், பழைய சிரட்டை புதிய வடிவில் வந்திருக்கிறது என்றே பொருள்.

மதிப்பீடு

இவ்வரலாற்றில் மூன்று படிகள் தெரிகின்றன: உள்ளே நுழையும் உரிமை, ஒன்றாக அமரும் உரிமை, ஒரே பாத்திரத்தில் உண்ணும் உரிமை. முதலாவதைச் சட்டத்தால் பெறுவது ஓரளவு எளிது. மற்ற இரண்டும் கடைக்காரரும் பக்கத்து இருக்கைக்காரரும் மனம் மாறினாலொழிய முழுமை அடைவதில்லை. ஓர் ஊரில் சமத்துவம் எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்பதை அறிய, அங்குள்ள தேநீர்க் கடையில் யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார், யார் கையில் எந்தக் குவளை இருக்கிறது என்று பார்த்தாலே போதும்.